எல்லா நகல்களும் ஒத்துப்போகும் வரை

உனக்கு இன்னும் பெயர் இல்லை. பிறந்த தேதி இல்லை, அப்பா பெயர் இல்லை, கதவு எண் இல்லை. நீ பிறப்பாயா என்பதே யாருக்கும் தெரியாது. ஆனாலும் சற்று முன் இந்த லேப்டாப்பில் உனக்கென்று ஒரு பதிவைத் திறந்தேன். மறுபேச்சில்லாமல் திறந்தது. எங்கள் கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்தில் வரும் அட்டவணையாக இருந்திருந்தால் இந்நேரம் என்னைத் திட்டியிருக்கும். இந்தக் கட்டம் காலி, அந்தக் கட்டம் காலி, இப்படி ஓர் ஆளை ஏற்க முடியாது என்று சொல்லியிருக்கும். இது ஒன்றும் கேட்கவில்லை. ‘மகனுக்கு’ என்று தட்டினேன். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு ஒளிர்ந்தது, எழுது என்பதுபோல. நீ மகளாகப் பிறந்திருந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொள். மற்றதெல்லாம் உனக்கும் பொருந்தும்.

நான் இப்போது பிளஸ் டூ படிக்கிறேன். நீ இதைப் படிக்கும் வயதில் இதை எழுதியவளைவிட மூத்தவனாக இருப்பாய். அதனால் அம்மா சொல்கிறாளே என்று தலையாட்ட வேண்டாம். உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி பயந்துபோய் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துப் படி. பயந்துபோய் என்பது உண்மைதான். மேற்கு தாம்பரத்தைத் தாண்டி அடையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் நகர். விடாத மழை. மதியம் தெருவுக்கு வந்த தண்ணீர் இப்போது எங்கள் மாடிப்படியில் பாதிக்கு ஏறி நிற்கிறது. நாங்கள் முதல் மாடி. கூடத்தில் கீழ்வீட்டு ஷீலா ஆன்ட்டி தன் குடும்பத்தோடு படுத்திருக்கிறார். என் அப்பா ஒரகடத்தில் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டார். அங்கே தண்ணீர் இல்லை, அவரைப் பற்றிக் கவலையில்லை. என் அம்மாதான் சாயங்காலம் படகில் போனாள். இன்னும் வரவில்லை. போகும்போது, “லேப்டாப்ப மூடிட்டுத் தூங்கு, சார்ஜ் போயிடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வெளிச்சத்தைக் குறைத்து, போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, அவள் பேச்சைக் கேட்காமல் இதை எழுதுகிறேன். சிக்னல் வருவதற்குள் அழித்துவிடுவேன். அழித்துவிட்டால் நான் எப்படிப் படிப்பது என்று கேட்காதே. அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. இங்கே இருக்கும் யாரிடமும் இதைப் பேச முடியாது. நீ ஒருவன்தான் இந்தத் தண்ணீரில் இல்லாதவன். அதோடு, நீ இருக்கிறாய் என்றால் நான் இன்று ராத்திரியைத் தாண்டிவிட்டேன் என்று அர்த்தம். உன்னிடம் பேசினால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அவள் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்புகிறவள். எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மழைக்காலம் வந்தால் யார் எந்த வீட்டில், எந்த மாடியில், எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் போடுவாள். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை, டோர் நம்பர்படி. யாராவது பாதி விவரம் சொன்னால் விடமாட்டாள். “டோர் நம்பர் சொல்லாம ஹலோ ஹலோன்னா நான் எங்க வந்து தேடறது?” என்பாள். எனக்கும் அந்தக் கட்டங்கள் பிடிக்கும். அட்டவணைகளைப் பற்றி வகுப்பில் முதலில் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாணவர்களுக்கு ஓர் அட்டவணை, ஆசிரியர்களுக்கு ஒன்று, மதிப்பெண்ணுக்கு ஒன்று. ஒன்றில் இருக்கும் எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போகலாம். எந்த விஷயமும் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். அங்கே திருத்தினால் எங்கே பார்த்தாலும் திருந்தியிருக்கும். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “இதத்தானே நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து கத்திக்கிட்டு இருக்கேன். ஒரு விஷயத்த ஒரு இடத்துலதான் எழுதணும். ரெண்டு இடத்துல எழுதினா ஒண்ணு பொய்யாயிடும்” என்றாள். அந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள். இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

எங்கள் நகரில் கதவு எண் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பாதி கட்டி நின்றுபோன அடுக்குமாடி ஒன்றைக் காவல் காக்கிற கோதண்டம் அண்ணாவும் அவர் மனைவி அமுலு அக்காவும் அங்கேயே சிமென்ட் மூட்டை வைக்கும் கொட்டகையில் குடியிருக்கிறார்கள். முன்பொரு மழையில் சங்கத்து ஆள் ஒருவர் அவர்களை ஷீட்டில் சேர்க்கப் பார்த்தார். டோர் நம்பர் இல்லாமல் அது ஏற்கவில்லை. பூஜ்யம் என்று போட்டார், ஏற்றுக்கொண்டது. கோயில் குளத்தோரம் தகரக் கொட்டகையில் இருந்த ஒரு குடும்பத்துக்கும் வேறு யாரோ பூஜ்யம் போட்டார்கள். அன்று பயத்தில் எல்லாரும் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டிருந்தார்கள். படகு வந்த வீட்டுக்கே மறுபடியும் வந்து நிற்கக்கூடாதே என்று, ஒரே டோர் நம்பர் உள்ள வரிசைகளை ஒன்றாக்கும் பொத்தானை அம்மா அழுத்தினாள். ஆபீசில் தினமும் அழுத்துகிற பொத்தான். பூஜ்யங்கள் எல்லாம் ஒரே பூஜ்யமாயின. குளத்தோரக் குடும்பத்தின் வரிசை மிஞ்சியது, அவர்களைப் படகு கூட்டிவந்தது. மீட்ட வரிசைக்குப் பச்சை நிறம், ஷீட் முழுக்கப் பச்சையானது. எல்லாரும் வந்தாயிற்று என்று அம்மா மைக்கில் சொல்லச் சொன்னாள்.

மறுநாள் தண்ணீர் வடியத் தொடங்கியபோது கோதண்டம் அண்ணா எங்கள் வாசலில் வந்து நின்றார். இடுப்புவரை சேறு. “இன்னா மேடம், எல்லாரையும் இட்டாந்துட்டோம்னு மைக்ல சொன்னாங்க. நானும் எம் பொண்டாட்டியும் ராவெல்லாம் மூட்டை மேல நின்னுகினு இருந்தோம். அதுல எங்க பேரு இல்லியா?” என்றார். அம்மா ஷீட்டைத் திறந்து வெகுநேரம் தேடினாள். பிறகு என்ன நடந்தது என்று புரிந்து அவரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. “அப்போ நாங்க பூஜ்யம்” என்று சிரித்தார். “நல்லவேள, தண்ணி பட்டு சிமென்ட் மூட்டையெல்லாம் கல்லா பூட்ச்சு மேடம். இல்லாங்காட்டி நாங்க நிக்க எடமே இருந்திருக்காது.” அவருக்குக் காபி போட உள்ளே போன அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அவள் கண் எதிரேதான் வழிந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

எதிர்வீட்டு பிரவீன் அண்ணா காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறார். அந்த மழை முடிந்து வீட்டுக்கு வீடு பாய் காயப்போட்டிருந்த நேரம் அவர் வந்து, “ஆன்ட்டி, பேசாம கட்டத்தையே தூக்கிடலாம்” என்றார்.

“கட்டம் இல்லாம என்னடா கணக்கு? உங்க காலேஜ் கேன்டீன் கணக்கா?”

“ஆஸ்பத்திரில ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு ஃபைல் போடுவாங்கள்ல, அந்த மாதிரி ஆன்ட்டி. அவங்கவங்களுக்கு என்ன இருக்கோ அத எழுதிக்கலாம். டோர் நம்பர் இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. சங்கத்து ஆளுங்க ஒவ்வொருத்தர் போன்லயும் முழுசா ஒரு காப்பி இருக்கும். நெட் இல்லாட்டியும் எழுதலாம். நெட் வந்ததும் காப்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசி ஒத்துப்போயிடும்.”

“எத்தன காப்பி?”

“எத்தன போனோ அத்தன.”

அம்மா அவரை முறைத்தாள். “ரெண்டு இடத்துல எழுதினாலே ஒண்ணு பொய்யாயிடும்னு நான் சொல்லிட்டிருக்கேன். நீ தெருவுக்கே எழுதச் சொல்ற.”

“ஒரே இடத்துல எழுதி, அந்த இடம் முழுகிட்டா ஆன்ட்டி?”

அம்மா சுவர் பக்கம் திரும்பினாள். சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் பழுப்புக் கோடாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பள்ளி விட்டு வந்ததும் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு காலத்தில் விவரங்களை நாடாவில் வைத்திருந்தார்களாம். நடுவில் இருப்பது வேண்டுமென்றால் முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வர வேண்டும். பிறகு சுழலும் தட்டுகள் வந்தன, வேண்டிய இடத்துக்கு நேரே போக முடிந்தது. பிறகு கிளைவிட்ட மரம்போல் அடுக்கிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அம்மாவுக்குப் பிடித்த அட்டவணைகள். அவை வெகுகாலம் உலகத்தைச் சுமந்தன, இன்றும் நிறையச் சுமக்கின்றன. அப்புறம் ஊர் உலகமெல்லாம் ஒரே நேரத்தில் கைப்பேசியோடு வந்து நின்றது. எல்லாரும் படம் போடுகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள். எவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கினாலும் போதவில்லை. அப்போது சிலர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பு அடங்கவில்லை. பெரிய இயந்திரம் தேடுவதை விட்டுவிட்டு, சாதாரண இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி, விவரங்களைத் துண்டு துண்டாக அவற்றில் பரப்பினார்கள். அவற்றில் சில செத்துப்போகும் என்று தெரிந்தே செய்தார்கள். அதனால் ஒவ்வொரு துண்டையும் பல இடங்களில் வைத்தார்கள். ஒன்று செத்தால் அதைப் போலவே இருக்கும் இன்னொன்று பதில் சொல்லும். முழுவதும் எந்த ஓர் இடத்திலும் இல்லை, ஆனாலும் தொலைந்துபோவதில்லை. கெடவே கெடாது என்று நம்பிக் கட்டிய வீடு அல்ல அது. கெடும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு கட்டிய வீடு. எங்கள் நகரை அப்படி யாராவது கட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டவணையை விட்டு வெளியே வந்ததும் விவரங்களை வைக்க எத்தனை வடிவங்கள் தெரியுமா? தாம்பரம் ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில் டோக்கனைக் கொடுத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். உள்ளே நிற்பது ஸ்கூட்டியா சைக்கிளா என்பது டோக்கனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அப்படி ஒரு வகை இருக்கிறது, அதைப்போல் வேகமானது வேறில்லை. யாருக்கும் யாருக்கும் என்ன தொடர்பு என்பதை மட்டும் பிடித்துவைக்கிற வகை ஒன்று உண்டு, எங்கள் தெருவில் யார் வீட்டு மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்று ஷீலா ஆன்ட்டி மனதில் வைத்திருப்பதுபோல. நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபைல் வகை. பள்ளி விடுமுறையில் நானும் பிரவீன் அண்ணாவும் வீடு வீடாகப் போனோம். அவரவர் சொன்னதை அப்படியே எழுதினோம். ஒரு வீட்டில், ‘காது கேட்காது, கதவைத் தட்ட வேண்டாம், ஜன்னலில் டார்ச் அடிக்கவும்’ என்று எழுதினோம். இன்னொரு வீட்டில், ‘பூனைகள் உண்டு, வெளியாளைக் கடிக்கும்’ என்று. இதையெல்லாம் எந்தக் கட்டம் கேட்டிருக்கும்? கோதண்டம் அண்ணா தன் பதிவைத் திறந்து காட்டச் சொன்னார். ‘பாதி கட்டின பில்டிங், செங்கல் அடுக்கின பக்கம், இரண்டு பேர்’ என்று படித்துக் காட்டினேன்.

“டோர் நம்பர் கேக்கலியா?”

“இது கேக்காதுண்ணா.”

“நல்ல பொட்டி” என்றார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், “கேக்காததெல்லாம் நல்லதுன்னு நெனச்சுடாத. கேக்குறவங்க இல்லன்னா நாமதான் ஒழுங்கா இருக்கணும்” என்றாள்.

நான் ஒழுங்காக இல்லை. உன்னிடம் அதைச் சொல்ல வேண்டும், அதனால்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்ற சுதந்திரம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஒரு வீட்டில் ‘தேவை: இன்சுலின்’ என்று எழுதினேன். ஆற்றை ஒட்டிய கடைசித் தெருவில் வசந்தா மிஸ் தனியாக இருக்கிறார், எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். அவர் முறுக்கைத் தட்டில் வைத்து, என் கையெழுத்து இன்னும் கோழி கிளறினதுபோல்தான் இருக்கிறதா என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே அவர் பதிவில் ‘மருந்து: இன்சுலின், ஃப்ரிட்ஜில்’ என்று தட்டினேன். ஒரே பொருளுக்கு இரண்டு தலைப்பு. அட்டவணையாக இருந்தால் அங்கேயே என் கையைப் பிடித்திருக்கும். இது ஒன்றும் சொல்லவில்லை. இது யாரையும் திட்டாது. திட்டுகிறவர்கள் மேல் எனக்கு இன்றுதான் மரியாதை வந்தது.

இன்று சாயங்காலம் கடலோரத்திலிருந்து மீனவர்கள் லாரியில் படகுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெருவுக்கு வந்த படகுக்காரர், “சீக்கிரம் சொல்லும்மா, யார மொதல்ல ஏத்தணும்? தண்ணில எல்லாத் தெருவும் ஒரே மாறி கீது” என்றார். கரண்ட் போய்விட்டது, ஃப்ரிட்ஜில் இருக்கும் மருந்து கெடும், அதனால் இன்சுலின் தேவைப்படுகிறவர்களை முதலில் ஏற்றலாம் என்று அம்மா சொன்னாள். நான் ‘தேவை’ என்ற தலைப்பில் தேடினேன். வந்த வீடுகளைப் படித்தேன். படகு அவர்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனது. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில்தான் எல்லாரையும் தங்கவைக்கிறார்கள். படகு கண்ணுக்கு மறைந்த பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, “வசந்தா மிஸ் பேரு வரலையே” என்றாள். அவர் பதிவை நேராகத் திறந்தேன். எல்லாம் இருந்தது. தலைப்பு மட்டும் வேறு. அம்மா அதைப் படித்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை பாலிதீன் பையில் போட்டு முடிந்துகொண்டு படியில் இறங்கினாள். அடுத்த படகில் ஏற்கெனவே கோதண்டம் அண்ணா இருந்தார், இந்தத் தடவை அவர்களை முதலிலேயே கூட்டிவந்திருந்தார்கள். “நானும் வரேன் மேடம், ஆத்தாண்ட ஒண்டியாப் போவாதீங்க” என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். அம்மா என்னைப் பார்த்து, லேப்டாப்பைப் பற்றி மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு டவர் போனது. முழுசாகப் போவதற்கு முன் நடுவில் ஒரு கணம் உயிர் வந்தது, அந்தக் கணத்தில் சில பதிவுகள் என் லேப்டாப்புக்கு வந்து சேர்ந்தன. அம்மாவின் பெயரிலும் ஒரு பதிவு உண்டு, எல்லாருக்கும் இருப்பதுபோல. அதைத் திறந்தேன். அதில் இப்போது இரண்டு வடிவம் இருக்கிறது. சங்கத்து ஆள் ஒருவர் போனிலிருந்து, ‘கடைசித் தெரு, மொட்டை மாடி, படகு சேதம், காத்திருக்கிறார்’ என்று வந்திருக்கிறது. இன்னொருவர் போனிலிருந்து, ‘பள்ளிக்கூடம்’ என்று மட்டும் வந்திருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள். அவரவர் போனில் நேரம் சரியாக இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. எது முன்னால், எது பின்னால், எது உண்மை? ரெண்டு இடத்தில் எழுதினால் ஒன்று பொய்யாகிவிடும். மொட்டை மாடி பொய்யா, பள்ளிக்கூடம் பொய்யா? போர்வைக்குள் நான் அந்த இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு பயத்திலும் அந்தத் திரையைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. இயந்திரம் நினைத்திருந்தால் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை எனக்குக் காட்டியிருக்கலாம். ‘பள்ளிக்கூடம்’ என்பதைக் காட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், அது பொய்யாக இருந்தாலும். அந்தப் பொத்தான் கோதண்டம் அண்ணாவை அழித்ததுபோல் இது யாரையும் அழிக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, இதில் முரண் இருக்கிறது, மனிதர் யாராவது பார்த்துத் தீர்க்கட்டும் என்று நிற்கிறது. இணைப்பு அறுந்துபோனால் ஓர் இயந்திரத்துக்கு இரண்டு வழிதான் உண்டு என்று படித்தேன். தெரிந்த பழைய செய்தியைச் சொல்லலாம், அல்லது நிச்சயம் தெரியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மனிதர்களும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. எங்கள் பெட்டி முதல் வழியைச் சேர்ந்தது. என்றைக்காவது எல்லா நகல்களும் ஒத்துப்போகும் என்பதுதான் அது கொடுக்கும் ஒரே வாக்கு. எப்போது என்று அது சொல்வதில்லை. உலகத்தில் பாதிப் பேர் இப்போது இந்த வாக்கை நம்பித்தான் போட்டோவும் பேச்சும் எழுத்தும் வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்று ராத்திரிக்குள் அது நடக்க வேண்டும்.

ஷீலா ஆன்ட்டி விழித்துக்கொண்டார். “யாரு அது போர்வைக்குள்ள மின்மினி வளக்குறது?” என்றார். மூடுவதுபோல் பாதி மூடினேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “கண்ணு, படுக்கறப்பவே நான் ஜெபம் பண்ணிட்டேன். உங்கம்மாவ ஆறு அடிச்சிட்டுப் போவாது. போனாலும் ஆத்துகிட்ட டோர் நம்பர் கேட்டுட்டுத்தான் போவாங்க.” எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. என் தப்பைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள், “தூங்கு” என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதனால் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ என்ன வேலை செய்வாய் என்று எனக்குத் தெரியாது. உன் காலத்தில் விவரங்களை எதில் வைப்பீர்கள் என்பதும் தெரியாது. இந்த லேப்டாப்பைப் பார்த்தால் நீ நாடாவைப் பார்ப்பதுபோல் பார்ப்பாய். ஆனால் எந்தக் காலத்திலும் நீ ஏதோ ஒரு கட்டத்தைப் போட்டு மனிதர்களை அதில் அடைக்க வேண்டிவரும். அப்போது பொருந்தாத ஒருவர் வந்து நின்றால் பூஜ்யம் போட்டு நகராதே. உன் கட்டத்தைச் சந்தேகப்படு. கட்டமே வேண்டாம் என்று உனக்கு யாராவது சுதந்திரம் கொடுத்தால், சந்தோஷமாக எடுத்துக்கொள், ஆனால் பக்கத்து ஆள் ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று கேட்டு அதையே நீயும் வை. தேவை என்று அவர் எழுதினால் நீயும் தேவை என்றே எழுது. இதைச் செய்யாததால் உன் அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தன் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லி உனக்கு எது சரி என்று தெரியாதபோது, தெரிந்ததுபோல் நடிக்காதே. இரண்டையும் வைத்துக்கொண்டு காத்திரு. காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஜன்னலில் கொஞ்சம் வெளுக்கிறது. இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. இதை இப்போது அழிக்க வேண்டும். திரையின் மூலையில்

வந்துவிட்டது. சிக்னல். மேலே எழுதிய வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன, யார் யாரோ, எந்தெந்தத் தெருவோ. அம்மாவின் பதிவைத் திறந்தேன். முரண் என்ற குறி இல்லை. அம்மாவே தன் போனில் தீர்த்திருக்கிறாள். முதலில் மொட்டை மாடி, படகு அடிபட்டதால் அங்கே காத்திருந்தார்கள், பிறகு வேறு படகு வந்து பள்ளிக்கூடம். இரண்டுமே உண்மை. எதுவும் பொய்யாகவில்லை, ஒன்று பழையதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கீழே, யாரும் இதுவரை வைக்காத ஒரு தலைப்பை, கட்டம் இல்லாத கணக்கை நம்பாத என் அம்மா புதிதாக வைத்திருக்கிறாள். ‘மகளுக்கு: மிஸ் என் பக்கத்துல தூங்குறாங்க. இங்க டாக்டர் வேற இன்சுலின் போட்டுட்டாரு. கோதண்டம் கூட இருக்காரு. லேப்டாப்ப மூடிட்டுத் தூங்கு.’ எழுதிய நேரத்தைப் பார்த்தேன். ஷீலா ஆன்ட்டி ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்த நேரம். நான் பயந்துகொண்டிருந்த ராத்திரி முழுவதும் இந்தப் பதில் அம்மாவின் போனில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வழி மட்டும்தான் இல்லை.

அழுது முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வழி திறந்தால் இரண்டு பக்கமும் திறக்கும். அங்கிருந்து இங்கே வந்ததுபோல் இங்கிருந்தும் எல்லாம் போயிருக்கும். சங்கத்துப் பெட்டியிலேயே எழுதிவைத்து அழிக்க நினைத்த இந்தப் பதிவு இந்நேரம் பிரவீன் அண்ணா போனில், சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவர் போனில், என் அம்மா போனில். நீ இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் நகர் முழுக்க உன் நகல்கள். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரே இடத்தில் எழுதி அந்த இடம் முழுகினால்? இத்தனை இடத்தில் இருக்கும் ஒன்று உன் கைக்கு வந்து சேராமலா போகும்?

எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் பதிவில் நான் எழுதாத இரண்டு வரி வந்து ஒட்டிக்கொண்டன. எங்கிருந்து என்று பார்த்தேன். அம்மா போன். முழுக்கப் படித்தாளா, மேலே இருந்த நாலு வரியோடு நிறுத்திவிட்டாளா என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவைக்கிறேன், நீ வரும்போது பார்த்துக்கொள்.

‘டோர் நம்பர்: 17, முதல் மாடி.’

‘இன்னுமா தூங்கல?’

பதினேழு எங்கள் வீட்டு எண். லேப்டாப்பை மூடுகிறேன்.